ஈரம் குறையும் வேகம்

குறுவை நெல்லை அறுத்த கையோடு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடை போட மாட்டார்கள். மெஷின் இருபத்திரண்டு காட்டியது. "காய வச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நெல்லை ரோட்டோரம் பரப்பிவிட்டு நானும் என் கணவரும் காவலுக்கு உட்கார்ந்தோம். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று லீவு சொல்லியிருந்தேன். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் கைடு மடியில் கிடந்தது. மாறிகளைப் பிரித்து வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் பாடம். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தும் தலையில் ஏறவில்லை. நடுநடுவே எழுந்து நெல்லைக் காலால் துழாவிவிட வேண்டும். முதுகு விட்டுப் போயிருந்தது.

பத்து மணிக்குப் பரப்பிய நெல்லின் ஈரம், ஒரு மணிக்கு மெஷினில் இருபதுக்கு வந்திருந்தது.

"மூணு மணி நேரத்துல ரெண்டு குறைஞ்சிருக்கு. இப்படியே போனா அஞ்சு அஞ்சரைக்குள்ள பதினேழு வந்துடும். பெரியப்பா வீட்டுல நம்ம தார்ப்பாயக் கேக்கறாங்க, குடுத்துட்டு வந்துடறேன்" என்றார் கணவர்.

எனக்கு உறுத்தியது. நெல் அப்படிக் காயாது. மிச்சமிருக்கும் ஈரம் எவ்வளவோ அதற்குத் தக்கபடிதான் காயும் வேகம். ஈரம் குறையக் குறைய வேகமும் குறையும். கைடின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன். எவ்வளவு காய்ந்தாலும் பன்னிரண்டுக்குக் கீழே போகாது என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் இருக்கும் ஈரம் y. காலையில் பத்து, இப்போது எட்டு. y-ஐ எல்லாம் சமக்குறிக்கு இந்தப் பக்கமும் நேரத்தை அந்தப் பக்கமும் கொண்டுவந்து, இரண்டையும் தொகையிட்டேன். மாறிலிகளைக் காலை அளவும் மதிய அளவும் கொடுத்தன. ஈரம் பதினேழாக, அதாவது y ஐந்தாக வேண்டுமானால் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நல்ல வெயில் வேண்டும்.

"ஏங்க, இன்னைக்கு ஆகாது. நாளைக்கு மத்தியானம்தான். ராத்திரி நெல்ல மூடணும், பாயக் குடுக்காதீங்க."

"பொஸ்தகத்துலயா நெல்லு காயுது?"

அதற்கு மேல் சண்டை போட அவருக்கும் தெம்பில்லை. பாய் எங்களிடமே இருந்தது. வெயில் தாழ்ந்தபின் மெஷினில் பார்த்துவிட்டு வந்தவர், "பதினெட்டுலயே நிக்குது" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்துக் குவியல்காரம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். குத்தகை நிலத்தைத் தனியாளாகப் பார்ப்பவர். "டீச்சர், எங்களுதுக்கும் போட்டுச் சொல்லுங்களேன்" என்றார். அவருடைய இரண்டு அளவுகளையும் கேட்டுப் போட்டுப் பார்த்து, "நாளைக்குக் காலையிலயே ஆயிடுங்க" என்றேன்.

நெல்லைக் குவித்து மூடிவிட்டு ராத்திரி அங்கேயே படுத்திருந்தோம். விடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மாவிடம் நாலு சாக்குதான் இருந்தது. என் கணவர் அவர் நெல்லை எங்கள் பக்கமாகத் தள்ளி, எங்கள் பாயின் ஓரத்தை இழுத்து அதன் மேலும் போட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்தார். மூன்று பேரும் நனைந்துகொண்டே நின்றோம். நெல் பெரிதாக நனையவில்லை. ஆனால் அன்று முழுக்க வெயில் தலைகாட்டவில்லை.

"உன் கணக்குல மழை இல்லியா?"

"இல்லீங்க. வெயில் ஒரே மாதிரி அடிக்கும்னு வச்சுட்டேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். டீ வாங்கிவந்து கையில் கொடுத்து, "அப்ப திரும்பப் போடு" என்றார். அந்த அம்மாவும் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். மேகம் மூடியிருந்தால் காய ஒரு வேகம், வெறும் காற்றில் காய ஒரு வேகம் என்று போட்டுப் பார்த்தேன். போடப் போட நாள் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் கைடை மூடிவிட்டு, "தெரியலீங்க" என்றேன்.

வெயில் திரும்பி நெல் எடைக்குப் போனபோது சந்தோஷப்படக்கூட எனக்குச் சக்தி இல்லை. வீட்டுக்குத் திரும்பும் லோடு ஆட்டோவில் காலிச் சாக்குகளின் மேல் சாய்ந்தேன். உடம்பெல்லாம் நெல்லின் சுணை அரித்தது.

"மொத நாள் நீ சொன்னது சரிதான். பாயக் குடுத்திருந்தா அந்தம்மா நெல்லும் போயிருக்கும், நம்மளுதும் போயிருக்கும்" என்றார் கணவர்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கண் சொருகிவிட்டது.