சாரலுக்கு வந்த மெட்ராஸ் வேலை

ஐம்பதுகளின் கடைசியில், டைப்பும் சுருக்கெழுத்தும் கணக்கியலும் நான் படித்த காமர்ஸ் இன்ஸ்டிடியூட் தென்காசியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. அங்கே தேறியவன் படியிறங்கித் தெருவைக் கடந்தால் வக்கீல் ஆபீஸ். பாதிப் பேர் அதைத் தாண்டிப் போனதில்லை. மதுரையில் படித்தவர்களை மில்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், மெட்ராஸில் படித்தவர்களைக் கம்பெனிக்காரர்கள். எனக்கு மெட்ராஸ்தான் வேண்டும். அங்கேயே போய்ப் படிக்கிறேன் என்றதற்கு அப்பா, “எல்லா ஊரு மிஷின்லயும் எழுத்து ஒண்ணுதானலே?” என்று பேச்சை முடித்துவிட்டார்.

இன்ஸ்டிடியூட் சார் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். வக்கீல்களுக்கு வேண்டியவர். சாயங்காலமானால் அவர்களோடுதான் காப்பி. நன்றாக டைப் அடிப்பவர்களை வெளியூர் போகவிடாமல் அவர்களுக்குப் பிடித்துக் கொடுக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டினேன். மெட்ராஸுக்கு நான் போட்ட மனுக்களில் ஒன்றே ஒன்றுக்குப் பதில் வந்தது, அதுவும் இன்டர்வியூவுக்கு மறுநாள். தபால்காரரைக்கூட ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனியில் சாரல் தொடங்கியது. ஒரு நாள் காலையில் சார் கூப்பிட்டார்.

“ஏலே, மெட்ராஸ் கம்பெனி மேனேஜர் ஒருத்தர் குத்தாலத்துல பங்களா எடுத்துத் தங்கியிருக்காரு. மூணு நாளு லெட்டர் அடிக்க ஆளு வேணுமாம். மிஷின வண்டியில வச்சுக்கிட்டு நீ போ.”

அருவியில் குளிக்க வந்த மனிதருக்கு லெட்டர் எதற்கு? பரீட்சைக்குப் பத்தே நாள் இருந்தது. சாருக்குப் பெரிய மனிதர் சிநேகம் வேண்டும், அதற்கு நான் மிஷின் சுமக்க வேண்டும். பரீட்சையில் நான் கோட்டை விட்டால் எதிர்த்த வக்கீலுக்குக் குமாஸ்தா தயார். “காய்ச்சலா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்து மிஷினில் பழகும் சுரண்டைக்காரன் போனான். என்னைவிட மெதுவாக அடிப்பவன். நனையாமல் மிஷினைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு அவன் குதிரை வண்டியில் எங்கள் தெரு வழியே போனதை ஜன்னலில் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த மாதம் அவனுக்கு அந்தக் கம்பெனியிலேயே, மெட்ராஸில் வேலை. உள்ளுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று சாரிடம் பேசுவதையே நிறுத்தினேன். முதல் வகுப்பில் தேறி, தெருவைக் கடந்து, வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்தேன்.

ஏழு வருஷம் கழித்து அவன் சீசனுக்குக் குடும்பத்தோடு வந்தவன், என்னைப் பார்க்க ஆபீஸுக்கு வந்தான்.

“ஏலே, ஒனக்கு அன்னைக்கு நெசமாவே காய்ச்சலா?”

“ஆமா. ஏன்?”

“ஒங்கிட்ட சொல்லுததுக்கு என்ன. நம்ம இன்ஸ்டிடியூட்லயே கெட்டிக்காரன் ஒருத்தன் இருக்கான், நாளைக்குக் காய்ச்சல் விட்டுரும்னு சார் சொல்லி, மேனேஜர் ஒரு நாள் பூரா ஒனக்காகக் காத்துக் கெடந்தாராம். நீ வரலன்னுதான் சார் என்னை அனுப்புனாரு.”

அவன் போன பிறகு சார் எதிர் மாடியைப் பூட்டிவிட்டு இறங்கினார். ஏழு வருஷமாகச் செய்வதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இருபது தப்படிதான். ஆனால் இத்தனை வருஷம் சொல்லாததை இவன் இன்றைக்கு ஏன் வந்து சொன்னான் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சார் தெருமுனை திரும்பிவிட்டார்.