பந்தல்காரர் கழற்றிக் கொடுத்த பேட்டரி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதம், காஞ்சிபுரத்தில் தேர் ஓடிய நாளில் நடந்தது இது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குக் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் மாட்டப் போயிருந்தேன். அதுதான் என் வேலை. அப்பா வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ. எங்கே போனாலும் இதை ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன். இங்கேயும் சொல்லியாகிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் சொந்தமாக ஒரு பேட்டரி டிரில்லிங் மிஷின் வாங்கினேன். பச்சை நிறம். கம்பெனி கொடுத்தது ஒயர் மிஷின். வீட்டுக்கு வீடு பிளக் பாயின்ட் தேடி ஒயர் இழுப்பதில் பாதி நேரம் போய்விடும். என் கூட வேலை செய்யும் சீனியர் அண்ணன் புது மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொம்மை நல்லாக்குதுமா. பாதி செவுத்துல நின்னுக்கினு எனக்குத்தான் போன் போடுவ, பாரு."

அப்பாவிடமும் காட்டினேன். கையில் வாங்கி, மூட்டையை எடை பார்ப்பது போல ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டு, துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

தேர் அன்று வீதிக்குக் குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்ப்பதற்காகக் காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். நான் போனபோது வீட்டுக்கார அக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

"நாளைக்கு வாயேம்மா. தேர் நிலைக்குப் போய்ச் சேந்தாத்தான் கரண்ட்டே."

"என் மிஷினுக்குக் கரண்ட் வேணாங்க்கா" என்றேன். அந்த வரியைச் சொல்வதற்காகவே அதை வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பழைய காலத்துச் சுவர், கல் மாதிரி. இருந்தாலும் மிஷின் முனகாமல் துளை போட்டது. அக்காவின் இரண்டரை வயதுப் பெண் அந்தச் சத்தத்துக்குப் பயந்து உள்ளறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது. முதலில் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு 'டக்' என்று கீழ்த் தாழ்ப்பாள் தரைக்குழியில் இறங்கும் சத்தம் கேட்டது. இறக்கத் தெரிந்த குழந்தைக்குத் தூக்கத் தெரியவில்லை. அழ ஆரம்பித்தது.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "ரொம்ப அழுதா மூச்சிழுப்பு வந்துரும்மா அவளுக்கு. போன மாசம்தான் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம்."

வீட்டு ஆண்கள் எல்லோரும் தேர் வடம் பிடிக்கப் போயிருந்தார்கள். போன் அடித்துப் பார்த்தால் யாரும் எடுக்கவில்லை. தீயணைப்பு வண்டி வருவதென்றால் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். கதவை உடைக்கலாமென்றால் குழந்தை கதவில் சாய்ந்துகொண்டுதான் அழுதது. கெட்டியான தேக்குக் கதவு அதன் மேலேயே விழும். வீட்டை ஒட்டிய சந்தில் அந்த அறையின் ஜன்னல் இருந்தது. அதன் வழியாக அக்கா மருந்தை நீட்டி நீட்டிக் கூப்பிட்டார். குழந்தை கதவை விட்டு நகரவில்லை. மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வரத் தொடங்கியிருந்தது.

ஜன்னல் கிரில்லை மரச்சட்டத்தில் வெளிப்பக்கமாகவே ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருந்தார்கள். ஆனால் எத்தனையோ பொங்கலுக்கு அடித்த பெயின்ட், ஸ்க்ரூவின் தலையையே மூடியிருந்தது. கழற்ற வழியில்லை. இரும்பில் துளை போடும் பிட்டை மாட்டி, ஒவ்வொரு தலையாகக் குடைந்து எடுக்க ஆரம்பித்தேன். இரும்புத்தூள் கையில் சுட்டது. மேல் வரிசை முடிந்தது, ஒரு பக்கம் முடிந்தது. மிஷினில் சார்ஜ் காட்டும் விளக்குகளில் ஒரே ஒன்றுதான் எரிந்தது. மற்றப் பக்கத்தில் பாதியில், அது மினுக்கி அணைந்தது.

மிஷினைக் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து அதற்கு வேலை. ஆனால் என்னிடம் இருந்தது அந்த ஒரே பேட்டரிதான்.

தெருமுனைக்கு ஓடினேன். அங்கே நீர்மோர் கொடுக்க இரும்புக் குழாய் நிறுத்திப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏணி மேல் ஒருவர் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். கையில் பேட்டரி மிஷின். மேளச் சத்தம் பக்கத்து வீதி வரைக்கும் வந்துவிட்டது. தேர் திரும்பினால் ஜனம் எல்லாம் அந்தப் பந்தலுக்குக் கீழேதான் வந்து நிற்கும்.

"அண்ணா, ஒரு கொழந்த உள்ள மாட்டிக்கிச்சு. கிரில் கழட்டணும், என் பேட்டரி போயிடுச்சு."

அவர் கேட்டது ஒரே கேள்வி. "எந்தக் கலர் மிஷினு?"

"பச்சை."

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கலர்தான் கம்பெனிக்கு அடையாளம்; ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் உட்காராது. அவருடையதும் பச்சை. டக்கென்று கழற்றி ஏணியிலிருந்தே நீட்டினார். "ஓடு." திரும்பி, கீழே நின்றவரிடம் சொன்னார்: "யப்பா, அந்த ஸ்பேனரை எடு. கையில முடுக்கிக்கலாம்."

ஓடும்போதுதான் பேட்டரியைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் அழிந்து, ஒரு மூலை உடைந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. என் புத்தம் புதிய பேட்டரியே கைவிட்ட இடத்தில் இது என்ன செய்யும்? மாட்டினேன். இரண்டு விளக்கு எரிந்தது.

ஒரு முறைகூடத் தயங்கவில்லை அது. கடைசி ஸ்க்ரூ தலை தெறித்து விழுந்ததும் அக்காவும் நானும் கிரில்லை இழுத்துக் கீழே வைத்தோம். நான் உள்ளே குதித்து, குழந்தையைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அக்கா அங்கேயே சந்தில் உட்கார்ந்து, மடியில் போட்டு மருந்தைக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் அடங்கியது. அடங்கியதும் குழந்தை என் கையிலிருந்த மிஷினைப் பார்த்து மறுபடியும் அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அக்கா சிரித்தார்.

பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க ஓடினேன். பந்தல்காரர் சட்டை தொப்பலாக நனைந்து, இன்னும் ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருந்தார். தேரின் உச்சி வீட்டுக் கூரைகளுக்கு மேல் தெரிந்தது.

"கொழந்த?"

"நல்லாக்குதுண்ணா."

பேட்டரியை வாங்கி, மிஷினில் மாட்டி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

"இவ்ளோ பழசு, எப்பிடிண்ணா நிக்குது?"

"ராத்திரி வீட்டுக்குப் போனா மொதல்ல இதுக்குச் சோறு. அப்புறந்தான் எனக்கு. என் வூட்டுக்காரி இன்னா திட்டு திட்டுவா தெரியுமா" என்றார், போல்ட்டைப் பார்த்தபடியே. கடைசி போல்ட் இறுகவும், மோர் அண்டாவோடு நாலு பேர் பந்தலுக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

மறுநாள் சீனியர் அண்ணன் கேட்டார், "இன்னாமா, பொம்மை எங்கயாச்சும் நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணா" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை. அடுத்த மாதம் அவரும் ஒன்று வாங்கினார். கடையிலிருந்தே எனக்குப் போன்: "உன்னுது பச்சை தானே? அதையே வாங்கிக்கிறேன். ஆத்திர அவசரத்துக்கு மாத்திக்கலாம்."

நானும் இன்னொரு பேட்டரி வாங்கிவிட்டேன். தினமும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் இரண்டையும் சார்ஜில் போடுகிறேன். அப்பா அந்த விளக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார். ஒரு பேட்டரியில் என் வேலை நடக்கிறது, இன்னொன்று என்றைக்காவது யாராவது ஓடி வந்து கேட்டால், எந்தக் கலர் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுப்பதற்காக என் பையில் நிறைந்தே இருக்கிறது.