பிள்ளையார் தந்த பிறேக்

பிள்ளையாரின் அடியார்களே, ஒரு மழை நாளில் கொழும்புக் காலி வீதியில் என் கார் நிற்க மறுத்தது. அன்றே என் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதை உங்களுக்குச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் வெள்ளவத்தையில் குடியிருந்தோம். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தேன். கனடாவுக்குப் போன என் அண்ணன் தன்னுடைய காரை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, சிவப்பு நிறம். தரையோடு ஒட்டினதுபோல் பதிந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் முன்விளக்குகள் கண் விழிப்பதுபோல் மேலே எழும்பும். சேலை உடுத்த ரீச்சர் ஒருத்தி அதற்குள்ளிருந்து இறங்குவதைப் பார்க்கப் பாடசாலை வாசலில் பிள்ளைகள் கூடி நிற்பார்கள். எனக்கு அது பிடிக்கும். மறைப்பானேன்?

ஓடச் சொன்னால் அந்தக் கார் உடனே ஓடும். நில் என்றால் மட்டும் யோசிக்கும். முன்சக்கரங்களில் மெல்லிய டிஸ்க், பின்சக்கரங்களில் ட்ரம். நாலைந்து தடவை அழுத்தி மிதித்தால் சூடேறிப் பிடி விட்டுவிடும். மழையில் நனைந்தால் ஒரு பக்கம் இழுக்கும். பிறேக் கட்டைகளை மாற்றிப் பார்த்தேன். பிறேக் ஒயிலையும் மாற்றினேன். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். பிறகு பழைய குணம்.

அன்று ஐப்பசி மழை கொட்டியது. கோட்டையில் வேலை செய்த என் கணவர் சிவராசாவை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். வழியெல்லாம் நெரிசல். மிதித்து மிதித்தே வந்தேன். சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் கையை உயர்த்தினான். மிதித்தேன். பெடல் காலோடு தரைவரை போனது. கார் நிற்கவில்லை. சிப்பாயைத் தாண்டி, வீதித்தடைப் பீப்பாயைத் தாண்டி, வழுக்கிக்கொண்டே போனது. பின்னால் கத்துகிறார்கள். சுடுவதற்குத் துவக்கை இழுக்கும் சத்தம் கேட்டது. அந்த நாட்களில் நிற்காத வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

"பிள்ளையாரப்பா!" என்று கத்திவிட்டேன். வேறு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

சூடு விழவில்லை. கார் ஒருவழியாக நின்றது. கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பாய்ந்து வந்த சிவப்புக் கார். பிறேக் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பெரிய மீசை வைத்த சார்ஜன்ட் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே காருக்குள் ஏறினார். பின்னுக்கு எடுத்து ஓரமாக விடப்போகிறாராம். கார் பின்னால் போனது. போனது. போய் மணல் மூட்டைகளில் முட்டித்தான் நின்றது. இரண்டு சிப்பாய்கள் துள்ளி விலகினார்கள்.

சார்ஜன்ட் வெளிறிப்போய் இறங்கினார். "மேக்கே பிறேக் நே, மிஸ்!" என்றார். இதிலே பிறேக்கே இல்லையே என்று. சிப்பாய்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பினார்கள். அதைப் பார்த்து என் கணவரும் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆனால் நாங்கள் போகும்போது அந்தச் சார்ஜன்ட் ஒன்று சொன்னார். "இன்றைக்கு நான் நின்றேன், சுடாதே என்றேன். நாளைக்குப் புதுப் பொடியன் நின்றால் என்ன செய்வான் என்று தெரியாது. பிறேக் செய்யாமல் இந்தப் பக்கம் கொண்டுவராதே."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

கொட்டாஞ்சேனையில் அந்தோனி அண்ணனின் கராஜ் இருந்தது. காரை இழுத்துக்கொண்டுபோய் அவரிடம் விட்டோம். அவர் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ரீச்சர், இந்தச் சாமானுக்கு எத்தினை தரம் கட்டை மாத்தினாலும் இதுதான். இந்தக் காருக்குப் பிறகு வந்த மொடல் ஒண்டு இருக்கு. அதில முன்னுக்கு, நடுவால காத்துப் போற தடிச்ச டிஸ்க். பின்னுக்கும் டிஸ்க். அதை அப்பிடியே கழட்டி இதில பூட்டலாம். ஆனா கொழும்பில அந்தக் கார் எங்க கிடக்கு?"

மருதானையில் பழைய உதிரிப்பாகக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். பாதிக் கார்கள், கதவுகள், இயந்திரங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. எங்களுக்கு வேண்டியது மட்டும் இல்லை. "ஜப்பானுக்குச் சொல்லி எடுப்பிக்கலாம் மிஸ், ஆனா எப்ப வருமெண்டு கேக்காதீங்க" என்றார் ஒரு கடைக்காரர்.

என் கணவர் மெதுவாகச் சொன்னார். "வசந்தி, உயிரை விடக் கார் பெரிசோ? வித்துப்போடுவம்."

அண்ணன் விட்டுப்போனதில் எஞ்சியிருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதை வாங்குகிற எண்ணத்தோடு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக ஒருவர் சொல்லியும்விட்டார்.

வெள்ளிக்கிழமை இந்தக் கோயிலுக்கு வந்தேன். இந்தத் தூணோடுதான் நின்றேன். "அப்பனே, ஒன்றில் காரை நிற்க வை. இல்லாவிட்டால் அதை விட்டுவிடுகிற மனதைத் தா. இரண்டும் இல்லாமல் என்னை வைத்திருக்காதே." அவ்வளவுதான் கேட்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

பக்கத்தில், கிருலப்பனையிலிருந்து வரும் பரமேஸ்வரி அக்கா நின்றார். அதுவரை முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் மட்டும்தான்.

"ஏன் பிள்ளை அழுறீர்? ஆருக்கும் சுகமில்லையோ?"

"இல்லையக்கா. காருக்கு." சொல்லவே வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். காரின் பெயரைச் சொன்னதும் அக்காவின் கண் அகலமானது.

"அந்த லைற் எழும்பிப் படுக்கிற காரோ?"

"ஓமக்கா."

"ஐயோ, அதின்ர தம்பிக்காரன், அதுக்குப் பிறகு வந்த மொடல், எங்கட முத்தத்தில கிடக்கிறான்! என்ர மகன் ஆசையில எடுத்தது. லொறி ஒண்டு பின்னால வந்து இடிச்சுப் பிடரியை நசுக்கிப்போட்டுது. அவனுக்குக் கால் முறிஞ்சு சுகமாகி, லண்டனுக்கும் போட்டான். கார் தறப்பாளுக்குக் கீழ கிடக்கு. பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சு பதறுது. இதைக் கொண்டுபோக ஒரு ஆளைக் காட்டு பிள்ளையாரே எண்டுதான் நானும் இப்ப கும்பிட்டுக்கொண்டு நிக்கிறன்!"

அடியார்களே, எனக்கு மயிர் கூச்செறிந்தது. பக்கம் பக்கமாக நின்று இரண்டு பேர் கேட்கிறோம். ஒருத்தி தா என்கிறாள். மற்றவள் எடு என்கிறாள். பிள்ளையார் இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அடுத்த நாளே அந்தோனி அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிருலப்பனைக்குப் போனோம். அவர் தறப்பாளைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். பின்பக்கம் அப்பளம். முன்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. பின் அச்சும் தப்பியிருந்தது. அந்தோனி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ரீச்சர், நானும் உங்களுக்காக அந்தோனியாரிட்டக் கேட்டனான். தொலைஞ்ச சாமான் எடுத்துத் தாறது அவற்ற வேலை."

"இது பிள்ளையார் தந்தது" என்றார் பரமேஸ்வரி அக்கா உடனே.

"சரி அக்கா, ரெண்டு பேரும் கதைச்சுத் தந்திருப்பினம்."

வேலை நினைத்ததுபோல் இலகுவாக இல்லை. பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பரும் ஏறின. பழைய சக்கரத்தைப் பூட்டினால் கலிப்பரில் உரசியது. நல்லவேளை, அக்காவின் காரின் சக்கரங்களும் இருந்தன. அவற்றையும் பூட்டினார். பிறகு பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. பிறேக் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரும் அந்தக் காரினதே வேண்டும் என்று அதையும் மாற்றினார். நான் பெடலை மிதிக்க, அவர் கீழே படுத்திருந்து பிறேக் குழாய்களில் அடைபட்ட காற்றை வெளியேற்றினார். "மிதியுங்கோ. பிடியுங்கோ. விடுங்கோ." கடைசியில் பெடல் கல்லுப்போல் நின்றது.

ஓட்டிப் பார்த்து முதல் தடவை மிதித்தபோது என் கணவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து முன்கண்ணாடியில் அடித்தது. "நிக்குது!" என்று சின்னப்பிள்ளைபோல் கத்தினார். காரை வாங்கவென்று ஞாயிற்றுக்கிழமை வந்த மனிதரை முன்னமே தேநீர் கொடுத்து அனுப்பிவைத்திருந்தோம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் முக்கியமானது பிறகுதான் நடந்தது.

சில மாதம் கழிந்து ஒரு பின்னேரம், பாமன்கடைப் பக்கம் தனியாக வந்துகொண்டிருந்தேன். திடீரென்று பெரிய வெடிச்சத்தம். குண்டு என்று எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். கடைகளின் கதவுகள் இழுபட்டன. கண் மூடித் திறக்க முன்னம் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளை இரண்டு கையில் இழுத்துக்கொண்டு என் காருக்கு நேரே பாய்ந்துவிட்டாள். மிதித்தேன். நான்கு சக்கரமும் நிலத்தைக் கவ்விப் பிடித்தன. கார் அந்த இடத்திலேயே நின்றது. அவள் பிள்ளைகளின் கைகளை விட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் என் காரின் முன்மூடியில் ஊன்றியபடி நின்றாள். மூத்தது என்னையே பார்த்தது. சின்னது அவளின் சேலையைப் பிடித்திருந்தது. மூவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

"ஏறுங்கோ!" என்று கதவைத் திறந்தேன். பின் இருக்கை பேருக்குத்தான். அதற்குள் மூன்று பேரும் திணிந்தார்கள். அவர்களின் வீட்டு வாசலில் இறக்கியபோது மூத்தது கேட்டது, "அன்ரி, அந்த லைற்றை ஒருக்கா எழுப்பிக் காட்டுங்கோவன்." காட்டினேன். இரண்டும் கைதட்டின. தாய் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெடித்தது மின்சாரக் கம்பத்திலிருந்த ட்ரான்ஸ்போமர் என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சாமி அறையில் விழுந்து கும்பிட்டேன். நான் கேட்டது என் உயிருக்காக, என் அண்ணனின் காருக்காக. அவர் தந்ததோ முகமறியாத ஒரு தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதற்குப் பிறகு சின்னக் காரியம், பெரிய காரியம் என்று பார்ப்பதில்லை. எதுவானாலும் அவரிடம் சொல்லிவிடுவேன். பக்கத்தில் நின்று கும்பிடுகிறவரின் முகத்தையும் பார்ப்பேன்.

உங்களுக்கும் ஏதாவது பாரம் இருக்கும். இதையெல்லாம் போய்ச் சாமியிடம் கேட்பதா என்று வெட்கப்படாதீர்கள். இன்றைக்கே, இந்தச் சந்நிதியிலேயே கேளுங்கள். அவருக்குப் பெரிய காது.