சரியாகப் பொருந்திய மெமரி

பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போகும்வரை, அந்தத் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் கூப்பிடுவது அவரைத்தான். கம்ப்யூட்டர்காரர் என்றால் போதும். இப்போது அவர் கட்டிலில் கிடந்தார். அவர் கையாலேயே பூட்டிய பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு டைப் அடித்து, மனைவிதான் வீட்டை ஓட்டினாள். பாதிக் கண் திரையில், பாதிக் கண் கட்டிலில்.

அதற்கும் வந்தது வினை. கம்பெனி புது சாஃப்ட்வேரைப் போடச் சொன்னது; அதற்கு இரண்டு மடங்கு மெமரி வேண்டுமாம். திங்கட்கிழமை காலை அது ஓடாவிட்டால், இனி ஆபீஸுக்கு வந்துதான் வேலை. அவள் ஆபீஸ் போனால் அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது? காப்பகம்தான் கதி.

"என் உயிர் இருக்கிற வரைக்கும் இவரை எங்கயும் விடமாட்டேன் தம்பி" என்று கொழுந்தனிடம் சொன்னவள், சனிக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, இருந்த ஒரே மெமரிப் பட்டையைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடினாள். சட்டைக்குப் பட்டன் வாங்குவதுபோல் பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நீளம், அதே இடத்தில் வெட்டு, லேபிளில் அதே டிடிஆர் த்ரீ ரகம்.

"பெரிய கம்பெனி மெஷின்ல கழட்டினதும்மா, கல்லு மாதிரி ஓடும். பழசைக் குடுத்துட்டு எடுத்துக்குங்க" என்றான் கடைக்காரன். மகராசி, இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவர் முகத்தருகே நீட்டினாள். "ஏங்க, எப்படி இருக்கு?"

அவர் பார்த்தார். கண் விரிந்தது. "ஹ்ங்... ஹ்ங்" என்று இடது கையால் மெத்தையை அடித்தார்.

"தண்ணியா?" ஸ்பூனில் ஊட்டினாள். துப்பினார். மறுபடியும் அடித்தார்.

"குழந்தை மாதிரி அடம் பிடிக்காதீங்க. எனக்கு வேலை கிடக்கு."

மெமரி டக்கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள். பீப், பீப் என்று கத்தியதே தவிர, திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றி, துடைத்து, மாற்றி மாட்டினாள். அதே கத்தல்.

கொழுந்தன் வந்து லேபிளைப் போனில் தேடினான். "அண்ணி, இது சர்வர் மெமரி, கம்பெனிங்கள்ல ஓடுற பெரிய மெஷினுக்கானது. நடுவுல ஒரு சில்லு கூடுதலா இருக்கு பாருங்க. நம்ம மெஷின்ல மாட்டத்தான் முடியும், ஓடாது."

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஓரத்தில் ஈரம். எத்தனை வீட்டில் இதைப் பார்த்தவர்! அவர் கரடியாய்க் கத்தியதற்குத் தண்ணீர் ஊட்டியிருக்கிறோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கடைக்கு ஓடினால் ஷட்டர் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் குரலை உயர்த்தக்கூட இல்லை. "நாளையிலேர்ந்து ஆபீஸ் வந்துடுங்கம்மா."

கொழுந்தன் நாலு நாள் லீவு போட்டு அண்ணனைப் பார்த்துக்கொண்டான்; வாரக் கடைசியில் வண்டி கொண்டுவந்தான். வழியெல்லாம் அவள் அவர் கையை விடவில்லை. "பகல்ல மட்டும்தாங்க நான் இருக்க மாட்டேன். வேலை விட்டதும் நேரா இங்கதான். தினம் என் கையாலதான் சாப்பாடு. சரியா?" அவர் விரல்கள் அவள் விரலைப் பற்றிக்கொண்டன.

காப்பக வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தாள். அவரை உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டு, அவர் தலைக்கு மேலேயே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாக்க விடுவோம்மா."

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.