லசானியா செய்யிற வீட்டுக்காரர்

கொத்துக்கறியை வாணலியில கொட்டிட்டு சூர்யநாராயணன் முகத்தைத் திருப்பிக்கிறார். பச்சைக் கறியைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்ல. கரண்டி பாட்டுக்குக் கிண்டும், பார்வை காலண்டர்ல இருக்கிற பெருமாள் மேல இருக்கும். கறி பழுப்பாயிடுச்சுன்னு சத்தத்துலயே தெரிஞ்சப்புறம்தான் திரும்புவார். அதுக்கு மேல அது கறி இல்ல, இத்தாலி.

சேலையூர் கேம்ப் ரோட்டுக்கு உள்ள தள்ளி, ஒரு காலனியில சொந்த வீடு. கீழ அவரும் சம்சாரம் திரிபுரசுந்தரியும். மேல வாடகைக்கு விடற போர்ஷன். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன். மாசத்துல ஒரு சனிக்கிழமை மட்டன் லசானியான்னு ஒரு இத்தாலி அடுக்குப் பலகாரம் செய்வார். அன்னைக்கு அந்தம்மா நங்கநல்லூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவாங்க. "நான் வரச்சே மேடை, அடுப்பு எல்லாம் அலம்பியிருக்கணும்." அவ்வளவுதான் ஒப்பந்தம். எந்த ஃபேக்டரியிலயும் நிர்வாகம் இப்படி ஒரு ஒப்பந்தத்தை மீறாம நடந்ததில்ல. வாணலி, கரண்டி, கண்ணாடிப் பாத்திரம் எல்லாம் இதுக்குன்னு தனி. மத்த நாள்ல அதுங்க கார் ஷெட்ல, பழைய டயருக்குப் பக்கத்துல குடியிருக்கும்.

தாம்பரம் மார்க்கெட்ல கறிக்கடைக்குப் பஞ்சமில்ல. ஆனா தொங்குற ஆட்டை அவரால பார்க்க முடியாது, தன்னை அங்க வேற யாராவது பார்த்துட்டாலும் ஆகாது. அதனால மேடவாக்கம் வரைக்கும் தண்ணி லாரிக்கு நடுவுல ஸ்கூட்டரை ஓட்டிட்டுப் போய், ஏ.சி. கடையில கல்லு மாதிரி உறைஞ்ச பொட்டலம் வாங்கிட்டு வருவார். மேல இங்கிலீஷ்ல எழுதியிருந்தா பாவத்துல தள்ளுபடி உண்டு போல.

வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூணையும் பொடியா நறுக்கி வதக்கணும். கறி, தக்காளி, கொஞ்சம் பால் சேர்த்து சின்னத் தீயில மத்தியானம் வரைக்கும் விடணும். இத்தாலியில ஒயின் ஊத்துவாங்களாம். இவர் ஊத்த மாட்டார், கெட்ட பழக்கம். மிளகாத்தூள், பட்டை, லவங்கம் பேச்சே எடுக்கக் கூடாது. "மசாலா போட்டா அது லசானியா இல்ல சார், முனியாண்டி படையல்" என்பார். வெண்ணெயில மைதாவை வறுத்து, பால் ஊத்தி வெள்ளை சாஸ் காய்ச்சி, மாவுத் தகடு, கறி, சாஸ்னு அடுக்கி, தலையில சீஸைத் துருவி ஓவன்ல தள்ளுவார்.

கத்துக்கொடுத்தது இத்தாலியில போலோன்யாங்கிற ஊர்ல ஒரு அம்மா. மகன் அச்சுதனுக்கு அந்த ஊர்ல வேலை, அந்தம்மா வீட்டு மாடியிலதான் வாடகைக்கு இருக்கான். பையனைப் பார்க்கப் போன இடத்துல, கீழ் வீட்டுல கொடுத்ததைத் தட்ட முடியாம ஒரு வாய் வெச்சவர் அப்படியே கவுந்துட்டார். வாக்கிங் வர்றவங்க எல்லார்கிட்டயும் அந்தம்மா புகழ்தான். "அச்சு தினம் பெருங்காயம் போட்டு சாம்பார் வைக்கறான். அந்த மாமி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீ என்ன சாப்பிடறவன்னு கேக்காமயே சாவியைக் குடுத்தா. எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கோ." சொல்லி முடிச்சிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டு கேட்ல 'வாடகைக்கு, சைவம் மட்டும்'னு போர்டு தொங்கும். அவரே எழுதினது.

குறை ஒண்ணே ஒண்ணுதான். சாப்பிட ஆள் இல்ல. வாக்கிங் கூட்டாளிங்க அது காய்கறி லசானியான்னு நினைச்சுட்டு இருக்காங்க. தானே சமைச்சு, தானே தின்னு, தானே பாராட்டிக்கிறது எத்தனை மாசத்துக்கு இனிக்கும்? கறி ருசி தெரிஞ்ச ஒரு வாய், நல்லாயிருக்குன்னு சொல்லிக் கேக்கணும். அந்த மாதிரி வாயை காம்பவுண்டுக்குள்ள விடாத புண்ணியவானும் அவரேதான்.

போன சனிக்கிழமை லசானியா ஓவனை விட்டு வெளிய வந்த நேரம், புரோக்கர் குப்புராஜ் ஒரு குடும்பத்தைக் கூட்டிட்டு வந்தார். தபீதாள், பக்கத்து ஸ்கூல்ல டீச்சர். புருஷன் ஏசுபாதம், ரயில்வே. இருக்கிற வீட்டை இடிக்கப் போறாங்க, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணியாகணும். ஊரெல்லாம் சாப்பாட்டுக் கேள்விக்கு உண்மையைச் சொல்லி, வாசலோட திரும்பினவங்க. கேட்டுக்கு வெளியவே குப்புராஜ் பாடம் எடுத்துட்டார்: "யக்கா, இன்னா துன்னுவீங்கன்னு கேப்பாரு. சைவம்னு சொல்லு. அதுக்கு மேல வாயே தொறக்காத."

உள்ள வந்து, பேரைச் சொல்லிட்டு உக்காந்ததும் கேள்வி வந்துச்சு. "நான்-வெஜ் சாப்பிடறவாளா?"

"சுத்த சைவம் சார்" என்றார் தபீதாள்.

"பேரைக் கேட்டா அப்படித் தெரியலையே."

"பேரா சார் சாப்பிடுது?"

சூர்யநாராயணன் பார்வை ஏசுபாதம் மேல இருந்துச்சு. அந்த ஆளோட மூக்கு விடைச்சு, கண்ணு போய் சாப்பாட்டு மேசையில ஆறிட்டிருந்த கண்ணாடிப் பாத்திரத்து மேல உக்காந்துடுச்சு. இத்தனை மாசமாத் தேடின வாய் எதிர்ல சோஃபாவுல இருக்குன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. மளமளன்னு ஒரு துண்டு வெட்டி, தட்டுல வெச்சு நீட்டினார்.

"ஒரு வாய் பார்த்துட்டு எப்படியிருக்குன்னு சொல்லுங்கோ."

"இதுல என்ன சார் இருக்கு?" தபீதாள்தான் கேட்டார்.

"மட்டன்தான். ஆனா இது இத்தாலியன்மா."

ஏசுபாதம் கை தட்டு வரைக்கும் வந்துடுச்சு. பொண்டாட்டி திரும்பிப் பார்த்த பார்வையில, அந்தக் கை அப்படியே போய் பிடரியைச் சொறிஞ்சுக்கிச்சு.

"நாங்கதான் சைவமாச்சே சார்."

"நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். உண்மையைச் சொல்லுங்கோ."

"உண்மையைத்தான் சார் சொல்றேன்."

அந்த நிமிஷம் போர்டையே கழட்டி எறிஞ்சிருப்பார். ஆனா கேள்வியைக் கேட்டுத் தொலைச்சாச்சே. தட்டை குப்புராஜ் பக்கம் திருப்பினார். "நீயாவது சாப்பிடுப்பா."

குப்புராஜ் ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டார். "புரட்டாசி சனிக்கிழமை சார். பெருமாளுக்கு வெரதம் இருந்துகினு கீறேன். நீ எனக்குப் போய் கறிய நீட்றியே சார்."

தட்டு கையிலயே நின்னுச்சு. சீஸ் மெல்ல இறுக ஆரம்பிச்சுது. தபீதாள் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? வீடு பிடிச்சிருக்கு. ஆனா இந்த வாடை மாடிக்கு வருமா? எங்களுக்கு ஒத்துக்காது."

ஏசுபாதத்துக்குப் புரை ஏறிச்சு. குப்புராஜ் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"மாசத்துக்கு ஒரு நாள்தாம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ."

"பண்ணிக்கலாம் சார். நீங்களும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

சூர்யநாராயணன் மாடிச் சாவியை எடுத்து மேசை மேல வெச்சார். அப்புறம் எழுந்து சமையக்கட்டுக்குப் போய், தொறந்திருந்த ஜன்னலை ஒவ்வொண்ணா இழுத்துச் சாத்தி, கொக்கியைப் போட்டார்.