பஞ்சவர்ணம் சிஸ்டரின் அலமாரிச் சாவி

ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்கேனர் வந்த முதல் நாள், மூத்த நர்ஸ் பஞ்சவர்ணம் சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மளிகைக் கடையில சோப்புக்கு அடிக்கிற மெசின இங்கன எதுக்குக் கொண்டாந்தீக?"

நான் ஸ்டோர் பார்மசிஸ்ட். நூல், ஊசி, கையுறை எதை எடுத்தாலும் பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும், கம்ப்யூட்டர் இருப்பில் கழித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "கரண்டு போனா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அந்த மெஷினை ரொம்பப் பிடித்துப்போனது. எது காலாவதியாகப் போகிறது என்று பார்க்க முன்பு ரேக் ரேக்காக ஏறி இறங்குவேன். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளின் இருப்புகூடத் திரையில் வந்தது.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றுதான் அதற்குத் தெரியாது. தண்ணீர் வருகிற அன்று குடம், அண்டா, சட்டி வரை நிரப்பி வைக்கிற ஆட்கள் நாங்கள். நாளைக்கு வராவிட்டால்? தியேட்டரிலும் அதே பயம். லேசில் கிடைக்காத பொருள் வந்தால், 'பயன்படுத்தியாச்சு' என்று ஸ்கேன் செய்துவிட்டுத் தங்கள் அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்வார்கள். இனி ஒளித்து வைத்தால் சஸ்பென்ஷன் என்று சூப்பரின்டெண்டென்ட் எச்சரித்தும் பார்த்தார்.

ஒருநாள் மத்தியானம் உப்பூர்ப் பக்கமிருந்து முத்துமாரி என்கிற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கருவேலமரம் வெட்டும்போது மெஷின் ரம்பம் வலது கையில் பாய்ந்து பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. அதைத் தைக்கத் தலைமுடி போன்ற சிக்ஸ் ஜீரோ நூல் வேண்டும் என்றார் சர்ஜன். திரையில் பார்த்தேன். எங்கள் இருப்பு சைபர். மதுரையில்தான் இருந்தது.

"மதுரைக்கு அனுப்புனா உயிருக்குப் பயமில்ல. போய்ச் சேர்றதுக்குள்ள கை போயிரும்" என்றார் சர்ஜன்.

அவள் புருஷன் வாசலில் நின்று கும்பிட்டான். "வலது கை சார். நாத்து நடுறதும் களையெடுக்கிறதும் அதுலதான."

சூப்பரின்டெண்டென்ட்டும் அங்கேதான் நின்றார். ஆம்புலன்ஸுக்கு நான் போன் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தியேட்டரில் சிசேரியனில் நின்ற பஞ்சவர்ணம் சிஸ்டரின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"பார்மசிஸ்ட்டு, அனுப்பாதீக! என் பையில சாவி கெடக்கு. அலமாரி ரெண்டாந்தட்டுல, பஞ்சுக்குப் பின்னாடி பாருங்க. நான்தேன் ஒளிச்சு வச்சேன்."

அவர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. தன் குரல் யார் யார் காதில் விழும் என்றும் அவருக்குத் தெரியும்.

ஓடிப்போய் எடுத்துவந்து, பழக்கதோஷத்தில் பாக்கெட்டை ஸ்கேன் செய்தேன். ஏற்கெனவே பயன்படுத்தியது என்று மெஷின் கீச்சிட்டது. "யோவ், அதக் குடுய்யா மொதல்ல!" என்று சர்ஜன் கத்தினார்.

மறுநாள் காலை வார்டில் சிஸ்டர் தன் விரல்களை நீட்டினார். "ஏத்தா, இறுக்கிப் பிடி." முத்துமாரி பிடித்தாள். "இன்னும் இறுக்கி." பிடித்தாள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்: "எங்க அந்த மெசினு? என் அலமாரியக் காலி பண்ணணும்."

ஒளித்து வைத்திருந்த அத்தனையையும் அவரே திரும்ப இருப்பில் ஏற்றினார். சஸ்பென்ஷன் வரவில்லை, மெமோ வந்தது. நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களின் அலமாரிகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நாம் மறைத்ததை மெஷினால் கண்டுபிடிக்க முடியாது. இருப்பது நாலு பேருக்குத் தெரியாவிட்டால் இல்லாத மாதிரிதான். முத்துமாரி கை பிழைத்த நாளில் எங்கள் திரை காட்டியது சைபர். அந்தச் சைபரைத் திருத்த ஒரு மனுஷி வாய் திறக்க வேண்டியிருந்தது.