சாயக்காரர் வீரபாகுவும் வெளிநாட்டுக் குழியும்

முள்ளிப்பட்டில் வீரபாகுவிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள், வாங்க வந்தவருக்கே அது என்ன காகிதம் என்பது மறந்துபோகும். மூன்று முறை படிப்பார். பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். தாலி கட்டும் நேரத்தில்கூடத் தங்கம் அசல்தானா என்று தட்டானை ஒரு பார்வை பார்த்தவர் என்று அவர் மனைவி கற்பகம் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

இந்தக் குணம் தொழிலில் வந்தது. ஆரணிப் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் அவர். முதலாளிகள் கொண்டுவரும் வெள்ளைப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, பசை நீக்கி, கேட்ட நிறத்தில் முக்கிக் கொடுப்பார். சேலை நெய்து முடிந்த பிறகு, நான் கேட்ட கலர் இது இல்லை என்று ஒருவர் வந்து நிற்பார். இளவயதில் அப்படி இரண்டு முறை மாட்டிக்கொண்டார். அதிலிருந்து, முக்கும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு விரல் நீள நூலை அட்டையில் கட்டி, தேதி எழுதி, தகரப் பெட்டியில் போட்டுவைத்தார். முப்பது வருடத்து அட்டைகள் அதில் இருந்தன. எந்த முதலாளி சண்டைக்கு வந்தாலும் அட்டையைப் பார்த்ததும் அடங்கிவிடுவார். உலகத்தில் வீரபாகு நம்பியது அந்தப் பெட்டியை மட்டும்தான்.

பட்டறைக்குப் பின்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கெங்கம்மாளின் நிலமும் கிணறும். சாயக்கழிவு தன் கிணற்றைக் கெடுக்கிறது, பட்டறையை மூட வேண்டும் என்று ஒன்பது வருடத்துக்கு முன்பு அவள் கோர்ட்டுக்குப் போனாள். தன் கழிவு தன் இடத்தில் வெட்டிய உறிஞ்சுகுழிக்குள்தான் போகிறது, கேட்பதானால் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் தசரதனைக் கேளுங்கள் என்றார் வீரபாகு. வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. அதுவரை அக்கா என்று கூப்பிட்டவளோடு பேச்சு நின்றது. வழக்கில் தோற்றால் பட்டறை போய்விடும். ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு உதவி வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாடு, இங்கே மழைநீரைக் காக்கப் பணம் கொடுத்தது. ஓடையில் தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் நிலத்துக்குள் இறங்க, ஜல்லியும் மணலும் போட்டு ஆழமாக ஒரு குழி எடுத்தார்கள். அதே திட்டத்தில், கோர்ட்டில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் வழக்குகளை இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு சமரச மையமும் திறந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஹேமசந்திரன் என்ற இளைஞர். தேசூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம், சட்டம் படித்தவர்.

அவர் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கற்பகம் டீ கொடுத்தாள். இருட்டிய பிறகு நாங்கள் எதுவும் சாப்பிடுவதில்லை என்று அவர் பணிவாகச் சொன்னார்.

அவர் சமரச மையத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை வீரபாகு காத்திருந்தார். பிறகு கேட்டார்: "கடலுக்கு அந்தாண்ட கீறவனுக்கு எங்க ஊட்டுப் பின்னாடி கெணத்து மேல இன்னா சார் அக்கற?"

"அவங்க ஊர்லயும் ஆறெல்லாம் கெட்டுப்போயி, அப்புறம் சரி பண்ணாங்களாம் ஐயா."

"சரி பண்ணிட்டாங்க இல்ல? அப்போ அவங்க சாயப் பட்டறைங்கல்லாம் இப்ப எந்த நாட்டுல ஓடிகினு கீது?"

ஹேமசந்திரன் அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்தார். அவர் போன பிறகு வீரபாகு கற்பகத்திடம் சொன்னார்: "நம்ம ஊட்டு டீய அவன் தொடல. அவன நாம நம்பணுமாம்."

"உங்க சந்தேகத்துக்குத் தனியா ஒரு ரேசன் கார்டு வாங்கணும்" என்றாள் அவள்.

திங்கட்கிழமைதோறும் திட்டத்தில் வேலை செய்யும் அமலா என்ற பெண் கெங்கம்மாள் கிணற்றில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போனாள். வீரபாகு வேலியோரம் நின்று பார்ப்பார். வழக்கில் இருக்கும் இரண்டு தரப்பும் ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று அமலா சொன்னதும் அவருக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. கேட்காமலே கொடுக்கிறார்களே, ஏன்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். முன்பு கெடுத்தது தசரதன்; இப்போது ஓடையின் அழுக்கை அந்தக் குழிதான் கிணற்றுக்குள் இறக்குகிறது. வெளிநாட்டுக்காரன் கெடுத்ததை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

அதை நிரூபிக்கச் சாயக்காரனுக்கு மட்டுமே தோன்றும் ஒரு வழி இருந்தது. அது முகூர்த்த மாதம். ஊரில் எல்லாப் பட்டறையிலும் அரக்கும் மஞ்சளும்தான்; நீலம் யாரும் போடவில்லை. ஒரு நாள் மதியம், கரண்ட் போய் விசைத்தறிச் சத்தம் அடங்கியிருந்த நேரத்தில், ஒரு செம்பு நிறைய நீலச் சாயத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓடைக்கும் முகூர்த்தமா என்று கற்பகம் கேட்டாள். அவர் போய் அந்த வெளிநாட்டுக் குழியில் ஊற்றிவிட்டு வந்தார். இரண்டு நாளில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து நான்காவது திங்கட்கிழமை தன் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் வெள்ளைப் பட்டுக்குக் கண்ணைவிடக் கூர்மை. கொஞ்சம் ஆசிட் சேர்த்துச் சூடு பண்ணினால், தண்ணீரில் ஒளிந்திருக்கும் துளிச் சாயத்தையும் நூல் இழுத்துக்கொள்ளும். நீலம் வரட்டும், ஹேமசந்திரன் மேசைமேல் கொண்டுபோய் வைக்கிறேன் என்று நூலை முக்கினார்.

நூல் நீலமாக வரவில்லை. மங்கலான அரக்காக வந்தது.

பாத்திரத்தில் ஒட்டியிருந்த சாயமாக இருக்கும் என்று நினைத்தார். சமையலறையிலிருந்து பால் பாத்திரத்தை எடுத்துவந்து, மீதித் தண்ணீரை ஊற்றி மறுபடி முக்கினார். அதே அரக்கு. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். நூல் வெள்ளையாகவே இருந்தது. சரி, தசரதனுடைய அரக்கு என்று சொல்லிக்கொண்டே வெயிலுக்கு வந்து நூலைத் தூக்கிப் பிடித்தார். தசரதனின் அரக்கு வெயிலில் செங்கல் சாயல் அடிக்கும். இதில் கத்தரிப்பூச் சாயல் ஓடியது. நீலம் கலந்ததால் என்றால் அது நிழலிலும் தெரிந்திருக்கும். அந்தச் சாயலுக்காகத்தான் முதலாளிகள் வீரபாகுவைத் தேடி வந்தார்கள். பெட்டியைத் திறந்து போன மாதத்து அட்டையைப் பக்கத்தில் வைத்தார். அட்டையின் நூல் அடர்த்தியாகவும் இந்த நூல் வெளுப்பாகவும் இருந்தன. ஆனால் இரண்டும் ஒரே கைதான்.

வெளிநாட்டுக் குழியிலிருந்து ஒரு பொட்டு நீலம் வரவில்லை. அவருடைய உறிஞ்சுகுழிக் கழிவுதான் ஒன்பது வருடமாகக் கெங்கம்மாள் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாள் அவர் சாயம் முக்கவில்லை. பால் பாத்திரத்தைத் தேடி வந்த கற்பகம், அட்டையையும் நூலையும் பார்த்துப் புரிந்துகொண்டாள். மெதுவாகச் சொன்னாள்: "அந்த நூல அடுப்புல போட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

"இத எரிச்சிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு மொதலாளிங்க கிட்ட அட்டைய நீட்டுவேன்?" என்றார் அவர்.

வியாழக்கிழமை ஊராட்சிக் கட்டடத்தில் சமரசப் பேச்சு. ஹேமசந்திரன் ஏதோ படிக்கத் தொடங்குவதற்குள் வீரபாகு அட்டையையும் நூலையும் மேசையில் வைத்தார். குழியில் நீலம் ஊற்றியது முதல் எல்லாவற்றையும் சொன்னார். நீலம் ஊற்றியதைக் கேட்டதும் ஹேமசந்திரன் முகம் சுருங்கியது. இனி குழிப் பக்கம் போகக் கூடாது என்பதையும் எழுத வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றார் வீரபாகு. உறிஞ்சுகுழியை மூடி, கழிவைச் சிமெண்ட் தொட்டியில் பிடித்து, லாரியில் அனுப்புவது; கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து கொடுப்பது; பட்டறையை மூடச் சொல்லும் கோரிக்கையைக் கெங்கம்மாள் கைவிடுவது என்று முடிவானது.

காகிதத்தை வீரபாகு மூன்று முறை படித்தார். திட்டத்தின் உதவியால் உண்மை கண்டறியப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னார். பாட்டில் எங்களுடையது, தண்ணீர் எடுத்ததும் நாங்கள்தான் என்றாள் அமலா. கண்டுபிடித்தது என் நூல் என்றார் அவர். வரி அடிக்கப்பட்டது. இதன் நகல் எங்கே போகும் என்று அடுத்துக் கேட்டார். பெயர்களை எடுத்துவிட்டு, பணம் கொடுக்கும் நாட்டுக்கு ஒன்று போகும் என்று ஹேமசந்திரன் மறைக்காமல் சொன்னார்.

"எங்க பேர எடுத்துட்டா, அங்க எவன் பேரப் போட்டுக்குவான்?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

பேனா கெங்கம்மாளிடம் போனது. அவள் அதைத் தொடவில்லை.

"ஆறு மாசம் கழிச்சி நீ ஒரு நூல முக்கி, வெள்ளையா கீதுன்னு காட்டுவ. நான் நம்பணுமா?" என்றாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. "நூல என்கிட்ட குடு. எங்க ஊட்டுப் பாத்திரத்துல நானே முக்கிக்கறேன்."

வீரபாகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி வெள்ளைப் பட்டு நூலை எடுத்து, "இந்தாக்கா" என்று நீட்டினார். எவ்வளவு ஆசிட், எவ்வளவு நேரம் என்றும் சொன்னார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு, வாசலில் நின்ற காவலாளியிடம் தீப்பெட்டி கேட்டாள். பட்டு நூலிலிருந்து ஓர் இழையை உருவி, நுனியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, மூக்கருகே கொண்டுபோனாள். மயிர் கருகிய வாடை அடித்தது. அசல் பட்டுதான் என்று தெரிந்த பிறகே பேனாவை எடுத்தாள்.